அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றவும்

முதல் முறை மாற்றப் போனபோது தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் கையை உடனே எடுத்துவிடவில்லை. விரல்தான் பொய் சொல்கிறதோ என்று இன்னும் கொஞ்சம் ஆழத்துக்கு விட்டுப் பார்த்தாள். கல்லாக உறைந்த மூன்று கிலோ கோழி அரை மணி நேரம் ஊறிக் கிடந்த தண்ணீர் இது. கையை வைத்தால் விரல் மரத்துப்போக வேண்டும். இதுவோ கைக்குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர்தானே, வெயிலில் சுட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடித்த பிறகுதான் காலையிலிருந்து வெயிலே அடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கூடத்து ஜன்னலுக்கு வெளியே வானம் கழுவாத பாத்திரம் போல மங்கிக் கிடந்தது.

பேசினைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். பிளாஸ்டிக் உறைக்குள் கோழி இன்னும் கல்லாகத்தான் இருந்தது. தட்டினால் 'டொக்' என்றது. குழாயைத் திறந்து மறுபடி நிரப்பி, ஃப்ரீசரில் இருந்த ஐஸ் கட்டிகளையும் தட்டோடு அதில் கவிழ்த்தாள். சுவர்க்கடிகாரத்தில் மணி இரண்டரை.

கோழியை இளக வைப்பதைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பதினோரு வருடமாகக் கோழி கம்பெனியில் வேலை. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, வலைத்தொப்பி போட்ட சுகாதார அதிகாரி ஒருவர் படம் காட்டி விளக்குவார். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குவதுதான் உத்தமம், இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் ஆகும். அவசரம் என்றால் உறையைப் பிரிக்காமல் பச்சைத் தண்ணீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். மேடையில் சும்மா போட்டு வைக்கக் கூடாது. வெந்நீர் கூடவே கூடாது. வெந்நீரில் போட்டால் மேல்சதை முழித்துக்கொள்ளும், உள்ளே பனி தூங்கிக்கொண்டிருக்கும், நடுவில் கிருமி குடித்தனம் நடத்தும் என்று அவர் வருடா வருடம் அதே நகைச்சுவையைச் சொல்வார். இவர்களும் வருடா வருடம் சிரித்து வைப்பார்கள். தண்ணீரில் இளகியதைச் சமைக்காமல் மறுபடி ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்பது கடைசி விதி.

இன்றைக்கு அவசரம்தான். காலையில் அண்ணி போன் செய்து, சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறேன், வீட்டில் இரு என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மடியில் கனம் இருப்பவர்கள் இப்படித்தான் அளவுக்கு மீறி உபசரிப்பார்கள். வீட்டில் வேறு எதுவும் இல்லை. ஃப்ரீசரின் அடியில், எட்டு நாளாக அவள் கண்ணில் படாதபடி பட்டாணிப் பைகளுக்குக் கீழே புதைத்து வைத்த இந்தக் கோழி மட்டும் இருந்தது.

அண்ணி என்றால் உடன்பிறந்த அண்ணனின் மனைவி இல்லை. கம்பெனியில் இறகு பிடுங்குமுன் கோழிகளை முக்கியெடுக்கும் வெந்நீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டவருக்கு எல்லோரும் வைத்த பெயர் பெரியண்ணன். அவர் பெண்டாட்டி எல்லோருக்கும் அண்ணி. பெரியண்ணன் செத்து இன்றோடு ஒன்பது நாள்.

கம்பெனியில் அவளுக்கும் ஒரு பெயர் உண்டு, ரெண்டாங்கத்தி. சங்கிலிக் கொக்கிகளில் தலைகீழாகத் தொங்கி வரும் கோழிகளின் கழுத்தை முதலில் இயந்திரக் கத்தி அறுக்கும். இயந்திரத்துக்குக் கண் கிடையாது. நூற்றுக்கு ஒன்றிரண்டு தலையைத் தூக்கித் தப்பித்துவிடும். தப்பித்ததைப் பார்த்து அறுக்க ஓர் ஆள் வேண்டும், அதுதான் அவள். அவளும் கோட்டை விட்டால் அந்தக் கோழி உயிரோடு வெந்நீர்த் தொட்டிக்குள் போகும். ரத்தம் வடியாமல் வெந்து வெளியே வரும்போது அதன் தோல் செக்கச்செவேல் என்று இருக்கும். அந்தச் சிவப்புக் கோழிகளைப் பொறுக்கிக் குப்பைக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டின புருஷனும் கோபம் வந்தால் அவளை ரெண்டாங்கத்தி என்றுதான் கூப்பிடுவார். கோபம் இல்லாத நாட்களில் கூப்பிடுவதே இல்லை.

அவள் நிற்கிற இடத்தில் தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். யாராவது மாட்டிக்கொண்டு கத்தினால் அதை இழுக்க வேண்டும், இழுத்தால் சங்கிலி நிற்கும். அந்த இரைச்சலில் மற்ற எல்லோரும் காதில் மஞ்சள் பஞ்சு அடைத்துக்கொள்ளலாம். இரண்டு பஞ்சையும் ஒரு நீல நூல் சேர்த்திருக்கும், வேலை முடிந்தால் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். கயிற்றுக்குக் கீழே நிற்பவர் மட்டும் காதை அடைக்கக் கூடாது. கம்பெனியில் யாருக்கும் இல்லாத விதி அது, அவளுக்கு மட்டும்.

இரண்டாவது முறை, மூன்று மணிக்கு, ஐஸ் கட்டிகள் ஒன்றுகூட மிச்சமில்லை. தண்ணீர் சூடாக இருந்தது. பயந்து கையை எடுக்கிற அளவுக்கு இல்லை, ஆனால் சூடு. ஹீட்டர் சுவிட்சைப் போய்ப் பார்த்தாள், அணைந்துதான் இருந்தது. குழாய்த் தண்ணீரைத் தனியாக ஒரு டம்ளரில் பிடித்துத் தொட்டுப் பார்த்தாள், சில்லென்றுதான் வந்தது. அப்படியென்றால் சூடு குழாயிலிருந்து வரவில்லை. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசிக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

உறையின் உட்பக்கம் ஒட்டியிருந்த பனி கரைந்து, கோழியின் தோல் தெரிய ஆரம்பித்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். உறையை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

தோல் சிவப்பாக இருந்தது.

சூப்பர்வைசர் கொடுத்த கோழி இது. பெரியண்ணன் செத்த மறுநாள் தன் அறைக்குக் கூப்பிட்டு, தட்டச்சடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார். சத்தம் கேட்ட அதே நொடியில் நான் கயிற்றை இழுத்தேன் என்று அதில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் சந்தோஷமாக, குளிர்பதன அறையிலிருந்து தானே போய் எடுத்துவந்து கொடுத்தார். "பெருசா பாத்து எடுத்துருக்கேன். வீட்ல வெச்சு நல்லா சாப்பிடு," என்றார். நாளைக்குக் காலையில் விசாரணை. அந்தத் தாளில் இருப்பதை அவள் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

உறையின் ஓரத்தில் தேதி அச்சடித்திருந்தது. அதைப் படிக்காமல் இருந்திருக்கலாம். பெரியண்ணன் செத்த தேதி.

சமையலறைக்கு எதிரே படுக்கையறை. கதவு திறந்தே இருந்தது. அவள் புருஷன் இரவுக் காவல் வேலை முடித்து வந்து, தலையை இந்தப் பக்கம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூங்கினால் இடி விழுந்தாலும் தெரியாது என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஸ்பூன் விழுந்தால் எழுந்து சண்டைக்கு வருகிற ரகம். அதனால் கம்பெனியிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகப் பஞ்சு கொண்டுவந்து தருவாள். அவருக்கு அதை ஒழுங்காக உருட்டத் தெரியாது. அவள்தான் விரலிடுக்கில் வைத்து ஊசி மாதிரி மெல்லிசாக உருட்டிக் காதுக்குள் விடுவாள். உள்ளே போனதும் அது மெல்ல மெல்ல விரிந்து காதை நிறைத்துக்கொள்ளும். இன்றைக்கும் பதினோரு மணிக்கு விட்டுவிட்டு வந்திருந்தாள். நீல நூல் அவர் கன்னத்தில் கிடந்து, மூச்சுக்கு மூச்சு அசைந்துகொண்டிருந்தது. எழுப்பலாமா என்று வாசல் வரை போனாள். எழுப்பி என்ன சொல்வது? தண்ணீர் சுடுகிறது என்றா?

திரும்பி வந்து பேசினை நிரப்பினாள். இந்த முறை அங்கேயே நின்றாள்.

வீடு முழுக்கச் சத்தமாகத்தான் இருந்தது. அவள்தான் கவனிக்காமல் இருந்திருக்கிறாள். மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், குழாய் வாய் ஒரு சொட்டை வெகுநேரம் பிடித்து வைத்திருந்து விட்டது, ஃபிரிட்ஜ் மோட்டார் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது, பொது நடைபாதையில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார்கள், சமையலறை ஜன்னலின் சொரசொரப்புக் கண்ணாடியில் அவர்களுடைய நிழல் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. இத்தனைக்கும் அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. தூரத்தில், ஒரே சீராக, நிற்காமல். இரும்பு இரும்பின் மேல் உருளுகிற சத்தம். பதினோரு வருடம் கேட்ட சத்தம் அது. சங்கிலி ஓடுகிறது.

மூன்றாவது முறை அரை மணி ஆகவில்லை. பேசினிலிருந்து ஆவி வந்தது.

அதோடு வாடையும் வந்தது. உறை பிரிக்காத, இறகு பிடுங்கின, சுத்தமாகக் கழுவின கோழியிலிருந்து வரக் கூடாத வாடை. நனைந்த இறகு வெந்நீரில் வேகிற வாடை. வெந்நீர்த் தொட்டி வாடை. தலைக்கு எத்தனை ஷாம்பூ போட்டாலும் போகாமல், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியை எழுந்து போக வைக்கிற அதே வாடை.

அவள் கடைசி விதியை மீறினாள். கரண்டியால் நெம்பிக் கோழியை வெளியே எடுத்து, துண்டில் சுற்றி, ஃப்ரீசரில் திணித்து, பட்டாணிப் பைகளை அதன் மேல் போட்டு மூடினாள். பாதி இளகியதை மறுபடி உறைய வைக்கிறோமே என்று ஒரு மூலையில் புத்தி சொன்னது. கிருமியைப் பற்றி அப்போது யாருக்குக் கவலை. கிடக்கட்டும். உறையட்டும். வாயை மூடிக்கொள்ளட்டும். அண்ணிக்கு முட்டை பொரித்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்கு மணிக்கு அண்ணி மறுபடி போன் செய்தார்.

"சாப்பாடெல்லாம் ஒண்ணும் வேணாம்மா. ஒரு வார்த்தை கேக்கத்தான் வரேன். அதை இப்பவே கேட்டுடறேன், நேர்ல கேட்டா அழுதுடுவேன்."

"கேளுங்க அண்ணி."

"அவர் கத்தினாரா?"

தூரத்தில் உருண்டுகொண்டிருந்த சத்தம் கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருந்தது.

"இல்ல அண்ணி. சத்தமே வரல. ஒரு நொடிதான்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றார் அண்ணி. "எனக்கு யார் மேலயும் கோவம் இல்லம்மா. அவர் எவ்ளோ நேரம் கத்தினாருன்னு தெரிஞ்சா போதும். அது தெரியாம என்னால இருக்க முடியல. மனசுக்குள்ள நானே அவரைக் கத்த வெச்சு வெச்சுப் பாக்கறேன். ஒரு தடவ சீக்கிரம் நின்னுடுது. ஒரு தடவ நிக்கவே மாட்டேங்குது."

இப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அன்றைக்கு நான் காதை அடைத்திருந்தேன் அண்ணி. ஒரு மாதமாக வீட்டில் கண்ணை மூடினால் கோழிக் கத்தல்தான் கேட்டது; தூக்கம் போய், சோறு இறங்காமல், அன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், பஞ்சை உருட்டிக் காதுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். அவர் தொட்டி எனக்கு முதுகுப் பக்கம், தகரத் தடுப்புக்கு அந்தப் புறம். எத்தனை அமைதியாக இருந்தது தெரியுமா அண்ணி. ஆட்கள் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடின பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கொக்கி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தண்ணீருக்குள் கொண்டுபோயிருந்தது. இரண்டு நிமிடம் ஆகும் அந்தத் தூரம். இரண்டு நிமிடமும் கயிறு என் தலைக்கு மேலே சும்மா ஆடிக்கொண்டிருந்தது. பிறகுதான் இழுத்தேன். பஞ்சைப் பிடுங்கி ரத்த வாய்க்காலில் போட்டேன். அதை யாரும் பார்க்கவில்லை.

"சத்தியமா சத்தம் வரல அண்ணி," என்றாள். "கயிறு என் கையிலதானே இருந்துச்சு."

ஆறு மணிக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லி அண்ணி வைத்துவிட்டார்.

போனைக் கீழே வைத்தாள். ஃப்ரீசருக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

டக். டக். டக்.

மோட்டார். பழைய ஃபிரிட்ஜ். சாமான்கள் சரிந்திருக்கும். இந்த மூன்று காரணத்தையும் அவள் சத்தமாகவே சொன்னாள். மறுபடி மூன்று தட்டல். நடுவில் உள்ளது மட்டும் கொஞ்சம் மெத்தென்று. அந்தத் தட்டலை அவளுக்குத் தெரியும். பெரியண்ணனுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது, சின்ன வயதில் எங்கோ போனது. டீ நேரம் வந்தால் தகரத் தடுப்பில் மூன்று தட்டுத் தட்டுவார், நடுத்தட்டு அந்த மொட்டை விரலால். ரெண்டாங்கத்தி, வா, டீ ஆறுது என்பார். கம்பெனியில் அவளை ஒரு மனுஷியாக நினைத்து டீக்குக் கூப்பிட்ட ஒரே ஆள். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தட்டல் நிற்கவில்லை. ஐந்து மணி வரை நிற்கவில்லை.

அண்ணி வரும்போதும் இது தட்டிக்கொண்டிருந்தால்? புருஷன் கட்டையாய்க் கிடக்கட்டும், அவருக்குக் கேட்காது. அண்ணிக்கு அந்தத் தட்டல் தெரியாமல் இருக்குமா? கட்டின மனைவிக்கு? அவள் எழுந்தாள். வெட்டித் துண்டு போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது. வெந்துபோனது எதுவும் தட்டாது.

ஃப்ரீசரைத் திறந்தாள். கோழியைப் பலகையில் வைத்தாள். மேல்சதை மெத்தென்று சூடாக இருந்தது. அழுத்தினால் உள்ளே பாறை. உறையைக் கத்திரித்தாள்.

வாடை முகத்தில் அடித்தது.

தோல் முழுக்கச் சிவப்பு. பிறந்த குழந்தை மாதிரி. கழுத்துத் தோலை நீவிப் பார்த்தாள், பதினோரு வருடப் பழக்கம். இயந்திரத்தின் வெட்டு இல்லை. அவள் வெட்டும் இல்லை. கத்தியே படாத கழுத்து. அந்த இரண்டு நிமிடத்தில் அவளைத் தாண்டிப் போனது பெரியண்ணன் மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

வயிற்றுக்குள் வழக்கமான பொட்டலம் இருக்கும். ஈரல், இதயம், கழுத்துத் துண்டு. இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். பொட்டலம் கிழிந்து வந்தது. ஈரல். இதயம். கழுத்து.

மஞ்சளாக ஒன்று.

பஞ்சு. ரத்தம் குடித்து ஊறின மஞ்சள் பஞ்சு. அதிலிருந்து நீல நூல் விறைப்பாக நீண்டு, திரும்பவும் கோழியின் வயிற்றுக்குள் போயிருந்தது.

இன்னொரு பஞ்சு உள்ளே இருக்கிறது.

அதை அண்ணி பார்க்கக் கூடாது. அந்த ஒரு நினைப்புதான் இருந்தது அவளுக்கு. கடிகாரத்தில் ஐந்து ஐம்பது. நூலை இழுத்தாள். வரவில்லை. சுற்றிப் பிடித்து இழுத்தாள். கோழிதான் பலகையோடு நகர்ந்தது. அவள் வலது கையை உள்ளே விட்டாள். விரல், உள்ளங்கை, மணிக்கட்டு. உள்ளே பனி. நகக்கண் வலிக்கிற குளிர். விரல் நுனியில் பஞ்சு தட்டுப்பட்டது. பிடித்தாள்.

உள்ளேயிருந்து அவள் கையை யாரோ பிடித்தார்கள்.

நான்கு விரல் முழுசாக இருந்தது. ஒன்று மொட்டை.

அவள் கத்தினாள். கையை உதறினாள். கோழி கையோடு வந்தது. மணிக்கட்டைச் சுற்றிப் பனி இறுகியது. இடது கையால் பிடித்து நெம்பினாள், மேடையில் அடித்தாள், சிவப்புத் தோல் கிழிந்து சதை தெறித்தது, அடியிலிருந்த பாறை விடவில்லை. கத்தியை எடுத்தாள். ரெண்டாங்கத்தி. குத்தினாள். கத்தி வழுக்கி அவள் முழங்கையைக் கிழித்தது. ரத்தம் பலகையில் ஓடி சிங்க்குக்குள் சொட்டியது.

சிங்க்கில் பேசின். மத்தியானம் வைத்த அதே பேசின். கொட்ட மறந்த அதே தண்ணீர்.

அது ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

தலைக்கு மேலே சங்கிலி ஓடியது. இப்போது தூரத்தில் இல்லை.

பிடித்த கை இழுத்தது. அவசரமே இல்லாமல், ஒரே சீராக, சங்கிலி வேகத்தில். கோழி பலகையிலிருந்து நழுவியது. மேடை விளிம்பைத் தாண்டியது. தண்ணீருக்குள் இறங்கியது. அவள் மணிக்கட்டும் இறங்கியது. முழங்கையும் இறங்கியது.

உள்ளே பனி. வெளியே கொதி.

தன் தோல் உரிந்து தண்ணீரில் மிதப்பதைப் பார்த்தாள். கையுறை கழன்ற மாதிரி மிதந்தது.

"என்னங்க!"

எதிரே படுக்கையறை. திறந்த கதவு. அவர் முகம் இந்தப் பக்கம்தான் இருந்தது. கண் மூடியிருந்தது. நீல நூல் கன்னத்தில் ஏறியது. இறங்கியது. அவள் உருட்டி விட்ட பஞ்சு. அவள் கையால்.

"என்னங்க! என்னங்க!"

ஏறியது. இறங்கியது.

தோள் வரை. மார்பு பேசின் விளிம்பில் மோதியது. முகத்தில் ஆவி. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இன்னும் பாதித் தூரம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

அழைப்பு மணி அடித்தது.

ஆறு மணி. அண்ணி சொன்னால் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்.

"அண்ணி!" தொண்டை கிழிந்தது. "கத்தினாரு அண்ணி! கத்தியிருப்பாரு! ரெண்டு நிமிஷம்! நான்தான் காதை அடைச்சிருந்தேன்! எனக்குக் கேக்கல அண்ணி! கதவை ஒடைங்க, அண்ணி!"

மணி நின்றது.

செருப்புச் சத்தம் நடைபாதையில் நகர்ந்தது. மூன்று அடி. நான்கு அடி. சமையலறை ஜன்னலில் நிழல் ஏறி, நடுவில் வந்து நின்றது. சொரசொரப்புக் கண்ணாடிக்கு அந்தப் புறம் அண்ணியின் முகம் கிட்டே வந்தது. தட்டவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. தலை மெல்லச் சாய்ந்தது.

முடியை ஒதுக்கிவிட்டு, ஒரு காது கண்ணாடியில் ஒட்டியது.

அவள் கத்தினாள். தண்ணீர் தாடையைத் தொட்டது. கத்தினாள். கண்ணாடியில் அந்தக் காது தட்டையாக, வெளுப்பாக, அதன் மடல் வளைவுகூடத் தெரிகிற அளவுக்கு அழுந்தியிருந்தது. அசையவே இல்லை.